கதவுக்கு வெளியே காது மேஸ்திரி

தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் அவருக்குப் பெயர் காது மேஸ்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. வரிசையாக நிற்கும் பம்புகளில் எதற்கு உடம்பு சரியில்லை என்பதை, செருப்பைக் கழற்றிவிட்டு பூட்ஸ் மாட்டுவதற்குள் சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை பேரிங் மூடி மேலும் பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்க டாக்டர் மாதிரியே இருக்கும். டாக்டராவது நோயாளியிடம் இரண்டு வார்த்தை கேட்பார். இவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பம்பு பதில் சொல்லாதே.

அவருடைய தொழில் சூத்திரம் ஒரே வரியில் அடங்கும்: ஓடிக்கொண்டிருக்கிற பம்பைத் திறக்காதே. சத்தம் சீராக இருந்தால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நோண்டாமல் நகர்ந்து போ. பம்புகளைப் பொறுத்தவரை இதில் ஒரு தப்பும் இல்லை. மனுஷன் அதை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்ததில்தான் எல்லாம் கெட்டது.

வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்திருந்தாள். முந்தைய படிப்பு என்றதும் ஏதோ வாசல்படி என்று நினைத்துவிடக்கூடாது. ஆறு பாடம். அதுபோக ஒரு நீளக் கட்டுரை, அதுபோக சமூக சேவை, அதுபோக இதையெல்லாம் செய்ததைப் பற்றி யோசித்து எழுதும் இன்னொரு கட்டுரை. யோசித்ததைப் பற்றி யோசிக்க வேண்டுமாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த அன்று மேஸ்திரி நிலையத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பம்புக்கு மட்டும்தான் ஊற்றவில்லை.

சின்னவள் பெயர் வாலு. வேறு பெயர் அவளுக்குப் பொருந்தாது. அக்காவுக்கு அந்தப் படிப்பு வந்ததும், இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த அறையிலிருந்து வாலு பாயோடு ஹாலுக்கு நாடு கடத்தப்பட்டாள். டிவிக்கு வாய் அடைக்கப்பட்டது. வாசல் மணியின் ஒயரை மேஸ்திரியே பிடுங்கினார். மிக்ஸியை அம்மாக்காரி குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினாள். அவள் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறவள். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிடுகிற வேலை. அந்தப் பழக்கத்தில் சாப்பாட்டைத் தட்டில் வைத்து மூடி, பெரியவளின் அறை வாசலில் வைத்துவிட்டு ஒரு தட்டு தட்டுவாள். சற்று நேரம் கழித்துக் காலித் தட்டு வெளியே வரும். பெற்றவளுக்கு நிம்மதி.

மேஸ்திரிக்குத்தான் நிம்மதி இல்லை. பெண் வாய்க்குள்ளேயே படித்தாள். கதவு மூடியிருக்கிறது, சத்தம் இல்லை. சத்தம் இல்லாத பம்பு என்றால் நின்றுபோன பம்பு. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சத்தமா படிம்மா."

"கணக்கை எப்படிப்பா சத்தமா படிக்கிறது?"

"போடும்போதே சொல்லிக்கிட்டே போடு. வேலை நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்ல."

அதிலிருந்து பெரியவள் சத்தமாகப் படித்தாள். மேஸ்திரி ஹாலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை புரியாது. புரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

"என்னய்யா, வீட்டுப் பம்பு எப்படி ஓடுது?" என்று நிலையத்தில் கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர் கேட்பார்.

"சத்தம் நல்லா இருக்கு."

"சத்தத்தை விடு, புள்ள நல்லா இருக்காளா?"

"அதைத்தான்யா சொல்றேன்."

முதல் வருடம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் பெரியவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் பேனா இருந்தது, மூடி இல்லை.

"அப்பா, ஒரு பாடத்தை விட்டுட்டா நல்லதுன்னு டீச்சர் சொல்றாங்க. அஞ்சு வச்சுக்கிட்டாலும் சர்டிஃபிகேட் உண்டாம். வேற மாதிரி சர்டிஃபிகேட்."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. தூக்கம் வர மாட்டேங்குது. வந்தா எந்திரிக்க முடியல."

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவர் பழக்கப்படி குரலைத்தான் கேட்டார். குரல் சீராக இருந்தது.

"ஓடுற மெஷினை நடுவுல நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் பண்றதுக்குள்ள உயிர் போயிடும்மா. ஒரு வருஷம் ஓட்டிட்ட. இன்னும் ஒரு வருஷம்தானே."

"சரிப்பா" என்று அவள் உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. பிள்ளை புரிந்துகொண்டாள் என்று இவர் நினைத்தார்.

உள்ளே நடந்ததை அறிந்த ஒரே ஆள் வாலுதான். அந்த அறைக்கு சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. தரைத்தளம். கம்பி ஒன்று ஏற்கெனவே லொடலொட. வாலு அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் வந்துகொண்டிருந்தாள். அக்காவுக்குச் சோறு இறங்குவதில்லை, பாதியிலேயே குமட்டுகிறது என்று தெரிந்ததும், அம்மா மனசு நோகக்கூடாதென்று மிச்சத்தை வாலுவே காலி செய்தாள். தட்டு பளிச்சென்று வெளியே போனது. வாலுவுக்குத்தான் பாவாடை இடுப்பில் இறுக ஆரம்பித்தது.

குரல் விஷயமும் வாலுவின் மூளையில் உதித்ததுதான். அக்கா தொண்டை கட்டி, படித்துக்கொண்டே தூங்கி விழுவதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

"லூசு, ஒரு தடவை ஃபோன்ல பேசி ரெகார்டு பண்ணி வையி. அதைத் திருப்பித் திருப்பி ஓட விடு. நீ படுத்துத் தூங்கு. அப்பாவுக்கு என்ன, சத்தம் வந்தா போதும்."

"கண்டுபிடிச்சிடுவாருடி."

"கண்டுபிடிச்சா என்னைக் காட்டிக் குடு. எனக்கு அடி வாங்கிப் பழக்கம்தான்."

பெரியவள் கொஞ்ச நாள் அந்தக் குரலை ஓடவிட்டுத் தூங்கினாள். பிறகு அந்தக் குரலை ஓடவிட்டுக்கொண்டே, தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, வாய்க்குள்ளேயே படிக்க ஆரம்பித்தாள். மாத்திரை விஷயம் மட்டும் வாலுவுக்கும் தெரியாது.

கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. விடுமுறை நாள். அம்மாக்காரிக்குப் பகல் ஷிஃப்ட். வாலு தன்கூடப் படிக்கிறவள் வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானத் தட்டை மேஸ்திரியே வாசலில் வைத்து, ஒரு தட்டு தட்டிவிட்டு வந்து படுத்தார். எழுந்து பார்த்தபோது தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. உள்ளே குரல் ஓடிக்கொண்டிருந்தது. சோற்றைக்கூட மறந்து படிக்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தட்டைத் தாண்டிப் போய் டீ போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது.

சின்ன இருமல். அதற்குப் பிறகு ஒரு வார்த்தையில் நாக்கு தடுக்கி, "ச்சே" என்று சொல்லிவிட்டு அதே வார்த்தையை மறுபடி சொன்னாள். அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, காலை நீட்டிக்கொண்டார். அதே இருமல். அதே தடுக்கல். அதே "ச்சே". மேஸ்திரியின் கண் திறந்தது. உயிருள்ள எதுவும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரண்டு தடவை இருமாது. அவர் எழுந்து போய்க் கதவில் காதை வைத்தார். மறுபடி ஒரு சுற்று வந்தது. சந்தேகமே இல்லை.

வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. கதவின் கீழ் விளிம்பில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. மேஸ்திரி பூனை மாதிரி நடந்துபோய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். வீடு இருண்டது. கதவுக்கடியில் இருந்த வெளிச்சமும் போனது. குரல் மட்டும், இருட்டிலே புத்தகம் தெரிகிற மாதிரி, ஒரு நொடிகூட நிற்காமல் படித்துக்கொண்டே போனது.

"அடி கள்ளி" என்றார் மேஸ்திரி, வாய்க்குள்.

கோபம் வந்தது உண்மை. அதைவிட, கண்டுபிடித்துவிட்ட குஷி பெரிதாக வந்தது. என்னிடமேயா? இந்தக் காதிடமேயா? கதவைத் தட்டினால் விழித்துக்கொண்டு ஃபோனை அணைத்துவிட்டு, படித்துக்கொண்டிருந்தேன் என்பாள். தட்டக்கூடாது. தானாக வெளியே வரட்டும். கரண்ட் போயிருக்கிறதே, புழுக்கத்தில் எவ்வளவு நேரம் படுத்திருப்பாள்? வந்ததும் கையும் களவுமாகப் பிடிக்கலாம். நாற்காலியைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சொல்ல வேண்டிய வசனத்தைக்கூடத் தயார் செய்துவிட்டார். இருமல் வந்தது, போனது. மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் இருட்டில் தலையை ஆட்டிக்கொண்டார்.

அம்மாக்காரி வேலை முடிந்து வந்தாள்.

"என்னங்க, கரண்ட் இல்லையா? ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

மேஸ்திரி உதட்டில் விரலை வைத்தார். கண்ணைச் சிமிட்டினார். அவள் அதைக் கவனிக்கவில்லை. ஃபோன் வெளிச்சத்தில் தரையில் இருந்த தட்டைப் பார்த்தாள். மூடியைத் தூக்கினாள். சோறு காய்ந்து விறைத்திருந்தது.

"இது மத்தியானம் வச்சதா?"

"படிக்கிறா..." என்று ஆரம்பித்தார், அந்த வேடிக்கையைச் சொல்லப்போகிற சிரிப்போடு.

அவள் காத்திருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் காய்ந்த தட்டு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கதவைக் குத்தினாள், கத்தினாள், தோளால் இடித்தாள். தாழ்ப்பாள் பெயர்ந்தது. பெரியவள் மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவே கிடந்தாள். மேஜை முனையில் தலை மோதியிருந்தது. ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. மேஜை மேல் ஃபோன், சார்ஜரோடு, "ச்சே" என்று சொல்லிவிட்டு அந்த வார்த்தையைத் திருத்திக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். வெறும் வயிறு, தூக்கமின்மை, அந்த மாத்திரை, மயங்கி விழுந்த இடத்தில் மேஜை. டாக்டரம்மா மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டாள்:

"எவ்வளவு நேரமா இப்படிக் கிடந்தாங்க?"

எத்தனை சுற்று இருமல் என்று அவருக்குத் தெரியும்.

"தெரியலைங்க" என்றார்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்" என்றாள் டாக்டரம்மா. திட்டுகிற குரல்கூட இல்லை.

பெரியவள் பிழைத்தாள். வலது கை விரல்கள் சொல் பேச்சு கேட்கவில்லை. வார்த்தைகள் வாய்க்கு வர நேரமெடுத்தன. பக்கத்தில் இருக்கிற டம்ளரைக் காட்டி, "அது... அது..." என்று தேடுவாள், பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். பயிற்சி செய்தால் சரியாகலாம் என்றார்கள். சரியாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பரீட்சை நாட்கள் ஆஸ்பத்திரிக் காலண்டரில் ஒவ்வொன்றாகக் கிழிந்து போயின.

வாலுவால் தாங்க முடியவில்லை. வராந்தாவில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜன்னல், சோறு, ஃபோன், எல்லாம். அம்மாக்காரி கொஞ்ச நேரம் அவளை வெறித்துப் பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"அந்தக் கருமத்தை நீ மட்டும் சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா, உள்ள சத்தம் நின்னதுமே அப்பா காதுக்குத் தெரிஞ்சிருக்கும்டி. ஓடிப்போய்த் திறந்திருப்பாரு."

மேஸ்திரி பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டது. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாளும் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வாலுவின் சேட்டை நின்றுபோனது. ஆஸ்பத்திரி சக்கர நாற்காலியில் ஏறி ஓட்டிப் பார்க்காத வாலுவை யாராவது கற்பனை செய்ய முடியுமா? அது அவள் பக்கத்திலேயே காலியாக நின்றது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. சாப்பாட்டைக் கொடுத்தால் அக்கா கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நிலையத்தில் மேஸ்திரிக்கு பம்புகளின் சத்தமும் கேட்கவில்லை. ஒரு பேரிங் கரகரவென்று உயிரை விடுவதைக் கண்ணாடிக்காரர்தான் ஓடிவந்து நிறுத்தினார்.

"என்னய்யா காது, செத்துப்போச்சா?"

"போனா நல்லதுய்யா."

கண்ணாடிக்காரர் கிண்டலை நிறுத்திவிட்டார். "உள்ள எதையோ அடக்கி வச்சிருக்க. யார்கிட்டயாவது சொல்லித் தொலை. என்கிட்ட இல்ல, சொல்ல வேண்டியவங்ககிட்ட."

அன்று வேலை உடுப்போடு மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரியவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். அம்மாக்காரி அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டிருந்தாள். வாலு கால்மாட்டில் இருந்தாள். மேஸ்திரி உட்காரவில்லை.

"வாலு, உன் மேல தப்பில்ல."

வாலு திரும்பவில்லை.

"அது ரெகார்டுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கே. கதவுக்கு வெளிய இருக்கும்போதே. கரண்ட்டைப் பிடுங்கினதும் நான்தான்." அம்மாக்காரியின் கை நின்றது. "தெரிஞ்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். உங்கம்மா வர்ற வரைக்கும்."

பக்கத்துக் கட்டில்காரரின் வீட்டம்மா திரையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பெரியவள் வார்த்தையைத் தேடினாள். கிடைக்கும்வரை இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு... உக்காந்திருந்த?"

"கையும் களவுமா பிடிக்கலாம்னு."

"பிடிச்சிட்டியா?"

அம்மாக்காரி எழுந்தாள். எழுந்தவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவர் கொண்டுவந்திருந்த பையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அதைவிடத் தெளிவாக யாரும் ஒருவரை வெளியே போகச் சொல்ல முடியாது. அவர் போனார்.

வராந்தா பெஞ்சில் எவ்வளவு நேரம் இருந்தாரோ. வாலு வந்து, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டு உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

"அம்மா உன்கூட பேச மாட்டாங்களாம்."

"ம்."

"அக்கா உன்னை நாளைக்கு வரச் சொல்றா. வந்து சும்மா காதைத் தீட்டிக்கிட்டு உக்காரக் கூடாதாம். பேசணுமாம்."

"என்னத்தைப் பேசறது?"

"அது உன் பாடு. நான் ஒருத்திக்குச் சொல்லிக் குடுத்துப் பட்டது போதும்."

மறுநாள் போனார். அம்மாக்காரி அவரைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். வாளி ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. மேஸ்திரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், வாயைத் திறந்ததும் அதைத்தான் பேசினார்.

"அந்தப் படிப்பு உனக்குப் பிடிச்சிருந்துதாம்மா?"

பதில் வர நேரமானது. இடையில் நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். அவர் அசையாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப" என்றாள் பெரியவள். "கெமிஸ்ட்ரி... ரொம்ப. நீ கேக்கவேயில்ல."

இவ்வளவு நாளும் அவள் அப்பாவுக்காகத்தான் அந்தப் படிப்பு என்ற மலையில் ஏறுகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளுக்கு அந்த மலையே பிடித்திருந்தது என்பது இப்போது, கால் ஒடிந்த பிறகு, அவருக்குத் தெரியவந்தது.

"கெமிஸ்ட்ரில எது?"

"அது... ஒரு ரியாக்‌ஷன்... ரெண்டு பக்கமும்... ஓடும். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். வெளியிலேர்ந்து பாத்தா நின்ன மாதிரி... அதுக்குப் பேரு..." இடது கையால் காற்றில் முன்னும் பின்னும் கோடு போட்டாள். பெயர் வரவில்லை.

"ஊஞ்சலா?" என்றாள் வாலு.

"இல்ல."

"பஸ் ஸ்டாண்டா?"

"இல்லடி... லூசு."

"பேரு அப்புறம் வரட்டும்" என்றார் மேஸ்திரி. "எனக்கு முதல்லேர்ந்து சொல்லு. எதுலேர்ந்து எதுக்கு ஓடும்?"

பெரியவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கையைத் தூக்கினாள்.